மறைத்து எழுதிய ஒப்பந்தம்

ஓட்டப் பந்தயத்தில் யாவரும் ஒரே கோட்டில் நின்று புறப்பட வேண்டும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த முறை. ஆனால், ஊதியம் கொடுத்து ஆட்டக்காரரை அமர்த்தும் தொழில்முறை விளையாட்டில் அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது? செல்வம் மிகுந்த குழு சிறந்த ஆட்டக்காரரையெல்லாம் விலை கொடுத்துச் சேர்த்துக்கொண்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும். இச்சிக்கலுக்கு அமெரிக்கக் கூடைப்பந்து உலகம் வகுத்த விதியையும், அதை மீறிய ஒரு குழு பெற்ற தண்டனையையும் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். மாணவ நண்பர்களே, விளையாட்டின் வரலாறும் வரலாறுதான். சட்டம் பிறப்பதும், அதில் சந்து தேடுவோர் தோன்றுவதும் அங்கும் உண்டு.

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கமும் ஆட்டக்காரரின் தொழிற்சங்கமும் 1983-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. சங்கத்தின் வருவாயில் நூற்றுக்கு 53 பங்கு ஆட்டக்காரருக்கு உறுதி செய்யப்பட்டது. அதற்கு ஈடாக, ஒரு குழு தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஊதியத்திற்கு உச்சவரம்பு ஏற்பட்டது. 1984–85 பருவத்தில் அவ்வரம்பு 36 இலட்சம் டாலர்.

இந்த வரம்பில் ஒரு விலக்கும் இருந்தது. நெடுநாள் தன்னிடம் ஆடியவரை ஒரு குழு இழந்துவிடக் கூடாது என்பதற்காக, தன் சொந்த ஆட்டக்காரருக்கு மட்டும் வரம்பைக் கடந்தும் ஊதியம் தரலாம் என்று வைத்தனர். பாஸ்டன் குழுவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் லாரி பேர்டின் பெயராலேயே அவ்விலக்கு வழங்கப்படுகிறது. 1990-களின் இறுதியில் இருந்த விதிப்படி, மூன்று பருவங்கள் ஒரே குழுவில் ஆடியவருக்கு அதன் முழுப் பயனும் கிட்டும். நன்றிக்காகத் திறந்து வைத்த அந்த வாயிலில்தான் வஞ்சம் நுழைந்தது.

மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் என்னும் குழு 1997-இல் கெவின் கார்னெட் என்னும் இளைஞருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12 கோடியே 60 இலட்சம் டாலர் தர ஒப்பியிருந்தது. ஆகவே, அவருக்குத் துணையாக இன்னொரு சிறந்த ஆட்டக்காரரைச் சேர்க்க வரம்பில் இடமில்லை. அப்போது ஜோ ஸ்மித் என்பவர் கிடைத்தார். 1995-ஆம் ஆண்டுப் புதுமுகத் தேர்வில் அனைவருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அத்தகையவர் 1999 ஜனவரியில் ஓராண்டுக்கு வெறும் 17 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஒப்பமிட்டார். கண்டவர் வியந்தனர்.

வியப்புக்குரிய காரணம் மறைவில் இருந்தது. மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கொரு சிறு ஒப்பந்தமாகக் குறைந்த ஊதியத்திற்கு ஆடுவது. பின்னர், பேர்ட் விலக்கைப் பயன்படுத்தி 8 கோடியே 60 இலட்சம் டாலர் வரை பெறுவது. இப்படி ஓர் இரகசிய ஏற்பாட்டைக் குழுவினரும் ஸ்மித்தின் முகவர் எரிக் பிளைஷரும் எழுத்திலேயே செய்து வைத்திருந்தனர். 1983 உடன்பாட்டில் ஆட்டக்காரர் சங்கத்தின் சட்ட ஆலோசகராக நின்று பேசியவர் லாரி பிளைஷர். எரிக் அவருடைய மகன். தந்தை கட்டிய வேலியை மகன் தாண்டினார்.

பின்னர் எரிக் பிளைஷருக்கும் அவருடைய பழைய கூட்டாளிக்கும் பிணக்கு நேர்ந்து வழக்கு மூண்டது. அவ்வழக்கின் ஆவணங்களிடையே இந்த இரகசியத் தாளும் வெளிவந்தது. சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கென்னத் டாம் நடுவராக இருந்து ஆராய்ந்து, விதி மீறப்பட்டது உண்மையே என்று தீர்ப்பளித்தார்.

2000 அக்டோபரில் சங்கத்தின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தண்டனையை அறிவித்தார். அபராதம் 35 இலட்சம் டாலர். ஸ்மித்தின் ஒப்பந்தங்கள் செல்லாதவையாயின. முடிந்துபோன பருவங்களின் ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டதால் பேர்ட் விலக்கும் அற்றுப்போயிற்று. இவற்றினும் கடுமையானது, ஐந்து ஆண்டுகளின் முதற்சுற்றுத் தேர்வுரிமை பறிக்கப்பட்டமை. புதிய ஆட்டக்காரரை எடுக்கும் இவ்வுரிமையே ஒரு குழுவின் விதைநெல். குழுவின் உரிமையாளர் கிளென் டெய்லரும் துணைத் தலைவர் கெவின் மெக்ஹேலும் பல மாதங்கள் பொறுப்பிலிருந்து விலகி இருக்க நேர்ந்தது. இந்த மெக்ஹேல், லாரி பேர்டுடன் ஒரே குழுவில் ஆடியவர்! பிற்பாடு 2003, 2005 ஆகிய ஆண்டுகளின் உரிமைகள் திருப்பித் தரப்பட்டன. 2001, 2002, 2004 ஆகியவை போனவை போனவையே.

தண்டனை வழங்கும் பொறுப்பைப் பள்ளியில் பல்லாண்டு சுமந்தவன் நான். ஆகையால் இத்தீர்ப்பை ஓர் ஆசிரியனின் கண்கொண்டே நோக்குகிறேன். குற்றத்திற்கு ஏற்ற அளவா என்று கேட்டால், ஆம் என்பேன். ஏனைய 28 குழுக்களும் ஒரே விதியின் கீழ் நின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று ஸ்மித்துக்கு நேர்மையான விலை கூற முன்வந்திருந்தாலும், மறைவில் வாக்களிக்கப்பட்ட கோடிகளுக்கு எதிரே அது என்ன செய்திருக்க முடியும்? அபராதம் மட்டும் விதித்திருந்தால், செல்வர்க்கு அதுவும் ஒரு செலவுக் கணக்காகவே முடிந்திருக்கும்.

குற்றவாளியின் மீது மட்டும் விழுந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. இரகசியம் எழுதாத கார்னெட், புதிய துணைவர் வந்து சேரும் வாய்ப்புக் குறைந்த குழுவில் ஆட நேர்ந்தது. 2004-இல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்ற அக்குழு, அதன்பின் 13 பருவங்கள் தொடர்ந்து பருவ இறுதிப் போட்டிகளில் இடம்பெறவில்லை. இதற்கெல்லாம் தண்டனை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். கார்னெட் 2007-இல் பாஸ்டனுக்குச் சென்று, மறு ஆண்டே வாகை சூடினார். ஸ்மித் டெட்ராயிட்டுக்குச் சென்று ஓராண்டு ஆடிவிட்டு 2001-இல் மின்னசோட்டாவுக்கே திரும்பினார். அந்தப் பெருந்தொகை மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. ஒரு கூட்டத்தின் தலைவர் செய்யும் பிழைக்குக் கூட்டம் முழுவதும் வருந்துகிறது. தலைமையில் அமர்வோர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. வெளிப்பட்டால் தம்மை அழிக்கும் தாளை அவர்கள் ஏன் எழுதினார்கள்? ஒருவர் சொல்லை மற்றவர் நம்பவில்லை, அதனால் எழுதினார்கள். நேர்மையானவருக்கு எழுத்து காவல். விதியை ஏய்ப்பவருக்கோ, தம்மைப் போன்றவரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள எழுதும் எழுத்தே சாட்சியாகிவிடுகிறது. நீங்கள் நாளை எத்தொழிலில் அமர்ந்தாலும், மறைத்து வைக்க வேண்டிய ஒரு தாளில் ஒப்பமிட நேரும்போது, இந்த வரலாற்றை நினைவில் கொள்ளுங்கள்.