அமெரிக்கப் பள்ளிகளில் இணைந்து கற்பித்தலும் பொறுப்புப் பகிர்வும் (1975–2015)

முன்னுரை

பொது ஆசிரியரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் ஒரே மாணவர் குழுவுக்குச் சேர்ந்து பாடம் நடத்துவது இணைந்து கற்பித்தல் எனப்படுகிறது. இம்முறையில் சிறப்பு ஆசிரியர் வெறும் துணையாளராகச் சுருங்கிவிடுகிறார் என்னும் குறை ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. ஆசிரியர்களின் மனப்பான்மையை இதற்குக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்ட வரலாற்றை நோக்கின், இச்சமனின்மையின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே உருவானது என்பது புலனாகும்.

வள அறைக் காலம்

1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு பொதுச்சட்டம் 94-142இல் கையொப்பமிட்டார். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுள் 10 இலட்சம் பேர் பொதுப்பள்ளி அமைப்புக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அச்சட்டத்திலேயே நாடாளுமன்றம் குறிப்பிட்டிருந்தது. தகுந்த அளவில் இயன்றவரை பிற குழந்தைகளோடு சேர்ந்தே கல்வி பெறுதல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் வகுத்தல் ஆகியன சட்டத்தின் உயிர்ப்பகுதிகள். குழந்தை எங்கே அமர வேண்டும் என்பதற்குச் சட்டம் நெறி வகுத்தது. அவ்விடத்தில் இரு ஆசிரியர்கள் வேலையை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு வகுக்கவில்லை. பல பள்ளிகளில் குழந்தை நாளின் ஒரு பகுதியைப் பொது வகுப்பிலும் மறுபகுதியை வள அறையிலும் கழித்தது. பொறுப்பைப் பிரித்தது இவ்விரு அறைகளுக்கு இடைப்பட்ட சுவர்தான்.

இப்பிரிவினையை அரசின் உள்ளிருந்தே கேள்விக்கு உள்ளாக்கியவர் மேடலின் வில். கூட்டரசின் கல்வித்துறையில் சிறப்புக் கல்விக்குப் பொறுப்பான உதவிச் செயலராக இருந்த அவர், 1986இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கற்றல் இடர்ப்பாடுடைய குழந்தைகளின் கல்வியைப் பகிர்ந்த பொறுப்பு எனக் குறித்தார். சிறப்பு ஆசிரியர்களிடையே இது எதிர்ப்பையும் கிளப்பியது. பகிர்வு என்னும் பெயரில் சிறப்புச் சேவை கரைந்துவிடும் என்ற அவர்களது அச்சத்தைத் தொழில்நலம் சார்ந்தது என்று மட்டும் ஒதுக்க இயலாது.

வகைப்பாடுகள்

1989இல் பாவன்ஸ், ஹவர்கேட், ஃபிரெண்ட் ஆகிய மூவரும் கூட்டுறவுக் கற்பித்தலுக்கு மூன்று வடிவங்களை முன்வைத்தனர். 1995இல் லின் குக்கும் மர்லின் ஃபிரெண்டும் ஐந்து வகைகளை விளக்கினர்: ஒருவர் கற்பிக்க மற்றவர் உதவுதல், நிலையங்களாகப் பிரித்துக் கற்பித்தல், இணைநிலைக் கற்பித்தல், மாற்றுக் கற்பித்தல், குழுக் கற்பித்தல். இவற்றுள் முதல்வகைக்கே முன்னேற்பாடு மிகக் குறைவாகத் தேவைப்படும். இருவரும் கூடித் திட்டமிட நேரமில்லாத பள்ளியில் எஞ்சுவது அதுவே.

தகுதி என்னும் அளவுகோல்

2002 சனவரியில் கையொப்பமான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம், முதன்மைப் பாடங்களைக் கற்பிப்போர் ‘மிகு தகுதி’ உடையவராக இருக்க வேண்டும் என்றது. 2004இல் திருத்தப்பட்ட மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டம் அதனைச் சிறப்பு ஆசிரியர்க்கும் விரித்தது. பாடத்தை நேரடியாகக் கற்பிக்கும் சிறப்பு ஆசிரியர் அப்பாடத்தில் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். தகுதி பெற்ற பொது ஆசிரியர்க்கு ஆலோசனை மட்டும் வழங்குவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. பாட அறிவு ஒருவருக்கு, உதவி மற்றவருக்கு என்னும் பிரிவு இவ்வாறு சட்டத்தின் துணையைப் பெற்றது. குழந்தையின் கற்றல் தடையை அறிந்து பாடத்தையே மாற்றியமைக்கும் திறன் இந்த அளவுகோலில் பாட அறிவாக எண்ணப்படவில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் ‘மிகு தகுதி’ நிபந்தனையை நீக்கியது.

இதற்கிடையே 2007இல் ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியரி, மெக்டஃபி ஆகியோர் 32 பண்புசார் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஒருவர் கற்பிக்க மற்றவர் உதவும் வகையே மேலோங்கியிருந்தது. சிறப்பு ஆசிரியர் பெரும்பாலும் கீழ்நிலையில் இருந்தார். ஆயினும் ஆசிரியர்கள் இம்முறையைப் பொதுவாக ஆதரித்தே பேசினர். அதனைச் செம்மையாக நடத்த அவர்கள் வேண்டியவற்றுள் நிர்வாகத்தின் ஆதரவு, பயிற்சி ஆகியவற்றோடு, இருவரும் சேர்ந்து அமர்ந்து திட்டமிடுவதற்கான நேரமும் இருந்தது.