ஏரிக்கரை

மழைநீரைத் தேக்க மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பும் சிற்றணை. தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இத்தகைய கரைகளை நம்பி நிற்கின்றன. பாசனத்துக்கு நீர் தருவதோடு, கிணறுகளின் ஊற்றைக் காப்பதும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் இவற்றின் பணி.

கரை, மதகு, கலங்கல் மூன்றும் சேர்ந்தே ஏரி. வயலுக்கு நீர் விடுவது மதகு. மிகைநீரை வெளியேற்றுவது கலங்கல்.

மண் கரைக்குப் பெரிய எதிரி, தன்மேல் வழிந்தோடும் நீர். கூடுதலாகத் தேக்கும் ஆசையில் கலங்கலை உயர்த்தினாலும் அடைத்தாலும் வெள்ளம் கரையேறி அதை அறுத்துவிடும். மற்றொரு ஆபத்து உட்கசிவு. எலி வளை, மட்கிய மரவேர், மதகின் ஓரம் ஆகியவற்றின் வழியே ஊறும் நீர் மண்ணை அரித்து உள்ளே குழாய்போல் வழி திறக்கும். கசிவு தெளிவாக இருந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கி வந்தால் உடனே நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

மண் அணை உடைந்தால் உயிர்களும் போகும்: மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை 2019 ஜூலை 2 இரவு கனமழையில் உடைந்து, குறைந்தது 19 பேர் இறந்தனர்.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 10 மீட்டருக்கும் தாழ்ந்த அணைகளை, எனவே பெரும்பாலான ஏரிக்கரைகளை, தொடுவதில்லை. ஆகவே பருவமழைக்கு முன் கரையை நடந்து பார்த்துச் செப்பனிடும் பொறுப்பு ஏரியைப் பராமரிக்கும் அரசு அமைப்புக்கும் ஊராருக்கும் உரியது.