வீட்டிலேயே டின்டட் மாய்ஸ்சரைசர் செய்யலாமா? எது பாதுகாப்பு, எதைத் தொடவே கூடாது?

ஃபவுண்டேஷன் போட்டால் முகம் கனமாகத் தெரிகிறது. எதுவுமே போடாமல் கிளம்பினால் டல்லாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் டின்டட் மாய்ஸ்சரைசர். தோலுக்கு ஈரப்பதமும் தரும், லேசான நிறமும் தரும். கடையில் வாங்கலாம்தான். ஆனால் நம்ம ஊர் மாநிறத்துக்கும் கருப்பு நிறத்துக்கும் பொருந்துகிற ஷேடு கிடைப்பது இன்றைக்கும் கஷ்டம். கிடைப்பதில் பாதி, போட்ட பத்து நிமிடத்தில் முகத்தை சாம்பல் பூத்தது போல ஆக்கிவிடும். அதனால்தான் 'வீட்டிலேயே நேச்சுரலா பண்ணிக்கலாம்' என்று சொல்லும் வீடியோக்களுக்கு இவ்வளவு வரவேற்பு.

சரி, வீட்டில் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அந்த வீடியோக்களில் சொல்லும் பொருட்களில் பாதியை முகத்தில் வைக்கவே கூடாது. விவரமாகப் பார்க்கலாம்.

முகம் ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

பல க்ரீம்களில் வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது ஜிங்க் ஆக்சைடு சேர்க்கிறார்கள். வெளிர் நிறத் தோலில் இது தெரியாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் மேலே ஒரு வெள்ளைப் படலமாக நின்றுவிடும். வீட்டில் செய்யும்போது இந்த வெள்ளையைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். வீட்டுத் தயாரிப்பின் உண்மையான லாபம் இதுதான்.

நம் தோலின் நிறத்தைக் கொண்டுவர மூன்று நிறங்கள் போதும்: மஞ்சள், சிவப்பு, கருப்பு. அழகு சாதனங்களில் இதற்குப் பயன்படுவது அயர்ன் ஆக்சைடு, அதாவது இரும்புத் துரு குடும்பத்தைச் சேர்ந்த நிறமிகள். லேபிளில் சிவப்புக்கு சிஐ 77491, மஞ்சளுக்கு சிஐ 77492, கருப்புக்கு சிஐ 77499 என்று எண் இருக்கும். வீட்டில் இருக்கும் ஃபவுண்டேஷன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அநேகமாக இந்த மூன்றும் இருக்கும்.

'அப்போ காவிக்கல்லும் செம்மண்ணும் இரும்பு ஆக்சைடுதானே, அதையே போடலாமே?' என்று கேட்கலாம். கேள்வி சரி, பதில் 'வேண்டாம்'. மண்ணிலிருந்து நேராக எடுக்கும் நிறமியில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் அழகு சாதனத்துக்கான அயர்ன் ஆக்சைடை ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். இந்த விஷயத்தில் 'நேச்சுரல்' என்பதை விட 'காஸ்மெட்டிக் கிரேடு' என்ற வார்த்தைதான் முக்கியம். சோப்பு, க்ரீம் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் சின்ன பாக்கெட்டாகக் கிடைக்கும். பெயின்ட் கடையிலும் தரை போடும் கடையிலும் கிடைக்கும் ஆக்சைடு பவுடரை வாங்கிவிடாதீர்கள், அது முகத்துக்கானது இல்லை.

இவற்றைத் தொடவே வேண்டாம்

முதலில் எலுமிச்சைச் சாறு. அமிலத்தன்மை அதிகம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்தது போலாகி, பிறகு கருந்திட்டாக மாறும். நிறத்துக்காகப் பட்டைத் தூள் சேர்க்கச் சொல்கிறார்கள். பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு பலருக்கு அலர்ஜி தரக்கூடியது, முகம் எரியும். குங்குமம், ஹோலிப் பொடி, கேசரிப் பவுடர் எதுவும் கூடாது. ஜாதிக்காய்த் தூள், சமையல் சோடா போன்றவையும் அப்படித்தான். சமையலறையில் இருப்பதெல்லாம் சாப்பிடப் பாதுகாப்பானது என்பதால் பூசவும் பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை.

மஞ்சள்தூள் விஷயம் வேறு. நம் வீட்டில் காலம் காலமாகப் பூசுவதுதான், ஆனால் பூசிக் கழுவிவிடுகிறோம். நாள் முழுக்க முகத்தில் இருந்தால் மஞ்சளாகத்தான் தெரியும், சட்டைக் காலரிலும் ஒட்டும். டின்ட்டுக்கு அது உதவாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. லேபிள் இல்லாத, தயாரிப்பாளர் முகவரி இல்லாத சிவப்பழகு க்ரீமை 'பேஸ்' ஆக எடுத்து அதில் கலர் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட சில க்ரீம்களில் பாதரசம் இருக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இந்த மாதிரி க்ரீம் பூசியவர்களுக்கு சிறுநீரக பாதிப்பு வந்தது 2023-ல் பெரிய செய்தியானது. இந்தியாவில் அழகு சாதனத்தில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. இருந்தும் சந்தையில் வருகிறது. லேபிளில் 'கலோமெல்' அல்லது 'மெர்க்குரி' என்று எங்காவது இருந்தால், அல்லது லேபிளே இல்லாவிட்டால், ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரொம்ப ஈஸியான வழி எது?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு வழியே போதும். வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசரை இரண்டு பட்டாணி அளவு உள்ளங்கையில் எடுங்கள். உங்கள் நிறத்துக்குப் பொருந்துகிற லிக்விட் ஃபவுண்டேஷனில் ஒரு சொட்டு விடுங்கள். விரலால் கலந்து பூசினால் டின்டட் மாய்ஸ்சரைசர் ரெடி. ஃபவுண்டேஷன் ஒரு ஷேடு கூடுதல் கருப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மாய்ஸ்சரைசர் சேரும்போது நிறம் லேசாகிவிடும். வெளிர் ஷேடுதான் சிக்கல்.

அன்றன்றைக்கு உள்ளங்கையில்தான் கலக்க வேண்டும். ஒரு மாசத்துக்குச் சேர்த்து பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். இரண்டு க்ரீமிலும் கெடாமல் இருக்க சேர்த்திருக்கும் பொருட்களின் அளவு அந்தந்த க்ரீமுக்குக் கணக்குப் போட்டது. கலந்து வைத்தால் அந்தக் கணக்கு மாறிவிடும், சில சமயம் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்கும்.

முழுக்க வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தண்ணீர் இருக்கும் எந்தக் கலவையிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். பன்னீர், கற்றாழை ஜெல், பால், ரோஜா இதழ் கஷாயம் எல்லாமே தண்ணீர் கணக்குதான். நிறமும் மணமும் மாறாமல் இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம். 'வைட்டமின் இ கேப்ஸ்யூல் போட்டால் கெடாது' என்பது தவறு. அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், கிருமியைத் தடுக்காது. வேப்பெண்ணெயும் டீ ட்ரீ ஆயிலும் அந்த வேலைக்குப் பத்தாது.

அதனால் வீட்டில் செய்ய ஏற்றது தண்ணீரே இல்லாத பாம் வகைதான். 50 கிராம் செய்ய அளவு இது: பாதாம் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் 27 கிராம், ஷியா பட்டர் 15 கிராம், தேன்மெழுகு 6 கிராம், நிறமி மொத்தம் 2 கிராம். நிறமியில் மஞ்சள் 1.2 கிராம், சிவப்பு 0.6 கிராம், கருப்பு 0.2 கிராம். மாநிறத்துக்கு இது ஆரம்ப அளவு மட்டுமே. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது, ஸ்பூன் கணக்கில் கருப்பு கொஞ்சம் கூடிவிட்டால் முகம் அழுக்காகத் தெரியும்.

நிறமியைக் கொட்டும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மூச்சோடு உள்ளே போகும் அளவுக்கு நைசான பொடி அது. எடுத்து வைத்த எண்ணெயிலிருந்து ஒரு டீஸ்பூனை ஒரு பீங்கான் தட்டில் விட்டு, நிறமியைப் போட்டு ஸ்பூனின் பின்புறத்தால் அரைத்துத் தேயுங்கள். ஐந்து நிமிடமாவது தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு முகத்தில் சிவப்புக் கோடு கோடாக வரும்.

இந்த நிலையிலேயே நிறத்தைச் சரிபார்த்துவிடலாம். விழுதில் ஒரு துளியை மீதி எண்ணெயில் கொஞ்சம் விட்டுக் கலந்து, தாடை ஓரத்தில் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். ஆரஞ்சாகத் தெரிந்தால் ஊசிமுனை அளவு கருப்பு. சாம்பலாகத் தெரிந்தால் மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம். கருநிறம் என்றால் சிவப்பையும் கருப்பையும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வரலாம்.

அடுத்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து தேன்மெழுகையும் மீதி எண்ணெயையும் உருக்குங்கள். தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும், நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. உருகிய பிறகு ஷியா பட்டர், கடைசியாக நிறமி விழுது. அடுப்பை அணைத்து, கெட்டியாகத் தொடங்கும் வரை கிளறிக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் நிறமி அடியில் போய்விடும். பிறகு ஈரமில்லாத சின்ன டப்பாவில் ஊற்றி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். மெதுவாக ஆறினால் ஷியா பட்டர் ரவை ரவையாக உறைந்துவிடும்.

சித்திரை வைகாசி வெயிலில் ஷியா பட்டர் தானாகவே இளகும். அந்த மாதங்களில் தேன்மெழுகை 8 கிராமாக்கி, எண்ணெயை 25 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஹேண்ட்பேக்கில் எண்ணெயாக ஓடும்.

இந்த பாமை ஈரக் கையால் தொடாமல் சின்ன ஸ்பூனால் எடுத்தால் மூன்று மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். சிக்கு வாடை வந்தால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள். நிறமி கிடைக்கவில்லையா? இனிப்பு சேர்க்காத கோகோ பவுடர் 2 கிராம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது கரையாது, சிவப்புச் சாயலும் வராது, வியர்த்தால் வழியும். வீட்டுக்குள் இருக்கும் நாளுக்கு ஓகே, கல்யாணத்துக்கு வேண்டாம்.

கற்றாழை ஜெல்தான் வேண்டும் என்பவர்கள், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, கொஞ்சம் கோகோ பவுடர் கலந்து அப்போதே பூசி முடித்துவிடுங்கள். மிச்சம் வைக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒத்துவருமா?

வராது. எண்ணெய்ப் பசைத் தோல், முகப்பரு இருப்பவர்களுக்கு இந்த பாம் ஏற்றதில்லை, உள்ளங்கையில் கலக்கும் முதல் வழிதான் சரி. தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் சேர்த்தால் பரு இன்னும் கூடலாம். தேமல் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். தேமலுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைச் சார்ந்து வளர்வது, மேலே எண்ணெய் பூசினால் அதற்குக் கொண்டாட்டம்.

யாராக இருந்தாலும் முகத்தில் போடும் முன் டெஸ்ட் செய்யுங்கள். முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தினம் இரண்டு வேளை, ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலர்ஜி சிலருக்கு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்தான் வெளியே தெரியும்.

இது சன்ஸ்கிரீன் ஆகுமா?

ஆகாது. 'ஜிங்க் ஆக்சைடு பவுடர் கலந்தால் எஸ்பிஎஃப் 30 வந்துவிடும்' என்று சொல்வதை நம்பி வெயிலில் போகாதீர்கள். வீட்டில் கலக்கும்போது பவுடர் கட்டி கட்டியாக நிற்கும், கட்டிக்கு நடுவில் தோல் வெறுமையாக இருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், பாதுகாப்பு இருக்காது. எஸ்பிஎஃப் எண் ஆய்வகத்தில் சோதித்துத் தரப்படுவது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான் சோதிப்பார்கள்.

மங்கு இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கை அதிகமாக்கும். அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு உதவும் என்பதால்தான் தோல் மருத்துவர்கள் டின்டட் சன்ஸ்கிரீன் எழுதித் தருகிறார்கள். வீட்டு பாமிலும் அதே பொருள் இருக்கிறதே என்று அந்த மருந்துக்குப் பதிலாக இதைப் போட வேண்டாம். கடையில் வாங்கிய சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் முதலில் பூசுங்கள். சில நிமிடம் காய்ந்த பிறகு டின்ட்டைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். சன்ஸ்கிரீனோடு டின்ட்டைக் கலந்து போட்டால் சன்ஸ்கிரீனின் வேலை குறையும்.

நிறத்தை வெளுப்பாக்குமா என்றும் கேட்கிறார்கள். இல்லைங்க. முகம் கழுவினால் போய்விடும் நிறம் இது.

நன்றாக வந்தால் விற்கலாமா?

வீட்டில் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறவர்கள் நிறைய. உங்களுக்கும் தோழிக்கும் செய்துகொள்வதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் விற்பனைக்குத் தயாரிக்க வேண்டுமென்றால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனங்கள் சட்டம், 2020-ஆம் ஆண்டின் அழகு சாதன விதிகள் ஆகியவற்றின்படி மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். 'ஹோம்மேட்', 'கெமிக்கல் ஃப்ரீ' என்று எழுதி ஒட்டினால் விலக்கு கிடைக்காது. வாங்குகிறவர்களும் டப்பாவைத் திருப்பி உரிம எண், தயாரிப்புத் தேதி, சேர்மானப் பட்டியல், முகவரி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூசிய பிறகு அரிப்பு, எரிச்சல், வீக்கம் வந்தால் சோப்பு போட்டுத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். கண் இமை வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும், என்னென்ன எவ்வளவு சேர்த்தீர்கள் என்று எழுதிய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.