மூன்று பாம்புகளை மட்டும் அறிந்த மருத்துவர்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவில் எழுபவை மலையும் தீபமும் கிரிவலமும், ரமணர் வாழ்ந்த விரூபாட்ச குகையும்தான். குகை என்ற சொல்லுக்கே இவ்வூரில் மௌனம் என்றொரு பொருள் ஏறிவிட்டது. ஆனால் இதே மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் வழியில், சிரிப்போடு தொடர்புடைய குகை ஒன்று இருக்கிறது. அது மாமண்டூர்க் குடைவரை. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே சிதைந்த நிலையில் எஞ்சியுள்ளது. அதில் இரண்டு அங்கத நாடகங்களின் பெயர்கள் படிக்கக் கிடைக்கின்றன. ஒன்று மத்தவிலாசம். மற்றொன்று பகவதஜ்ஜுகம்.

மத்தவிலாசத்தைப் பற்றி நம் இலக்கிய வாசகர்கள் ஓரளவு அறிவார்கள். கள் மயக்கத்தில் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுக் காஞ்சித் தெருக்களில் தேடியலையும் காபாலிகனின் கதை அது. இரண்டாவது நாடகம் அதிகம் பேசப்படவில்லை. அந்த நாடகத்துக்குள் சிறிது நேரமே தோன்றி மறையும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். நோய் இன்னதென்று தெரியாத, பாடம் மறந்துபோன, ஆனால் யாராலும் வெறுக்க முடியாத மருத்துவர். அவரைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் கதை. ஒரு துறவியும் சாண்டில்யன் என்ற அவருடைய சீடனும் ஒரு சோலைக்குள் வருகிறார்கள். சாண்டில்யனுக்கு ஞானத்தைவிடச் சோற்றில்தான் நாட்டம். முன்பு அவன் புத்த சங்கத்தில் சேர்ந்ததும் உணவுக்காகவே. அதே சோலையில் வசந்தசேனை என்ற கணிகை தன் காதலன் ராமிலகனுக்காகக் காத்திருக்கிறாள். அப்போது யமதூதன் வந்து, பாம்பாகத் தீண்டி, அவள் உயிரைக் கொண்டுபோய்விடுகிறான். சாண்டில்யன் அழுகிறான். யோகத்தின் வலிமையை அவனுக்குக் காட்ட விரும்பிய துறவி, தன் உடலை விட்டு அவளுடைய உடலுக்குள் புகுந்துகொள்கிறார். பிணம் எழுந்து உட்கார்ந்து வேதாந்தம் பேசத் தொடங்குகிறது.

இதற்கிடையில் யமதூதன் திரும்பி வருகிறான். அவன் கொண்டுபோனது வேறொரு வசந்தசேனைக்கு உரிய முறையில் இவளுடைய உயிரை. யமனிடம் வசவு வாங்கிக்கொண்டு வந்தவன், உடலில் வேறு உயிர் குடியிருப்பதைக் காண்கிறான். வேறு வழியின்றிக் கணிகையின் உயிரைத் துறவியின் வெற்றுடலில் விட்டுவிட்டுப் போகிறான். இப்போது கணிகை சாத்திரம் பேசுகிறாள். துறவி காதலனைத் தேடிக் கொஞ்சுகிறார். பகவான் என்ற சொல்லும் கணிகையைக் குறிக்கும் அஜ்ஜுகா என்ற சொல்லும் ஒட்டி நிற்கும் தலைப்பின் பொருள் இதுதான்.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் தோழிப்பெண் மருத்துவரை அழைத்துவருகிறாள். அவர் நோயாளியை ஒருமுறை பார்த்ததுமே, பெரிய பாம்பு கடித்திருக்கிறது என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால், பெரிய பெரிய மாற்றங்கள் தெரிகின்றனவே என்பதே அவருடைய சான்று. தரையில் வட்டம் வரைந்து மந்திரம் சொல்கிறார். நாளத்தை வெட்டிக் குருதி வடிக்கக் கோடரி வடிவக் கருவியைத் தேடுகிறார். மூட வைத்தியனே, வீணாக உழைக்காதே என்று நோயாளியே கடிந்துகொள்ளும்போது, அதையும் பித்தத்தின் குறியாக எடுத்துக்கொள்கிறார். குளிகை கொண்டுவருகிறேன் என்று போய்த் திரும்பியும் வருகிறார்.

கணிகையின் உடலில் இருக்கும் துறவிக்குப் பொறுமை போய்விடுகிறது. உன் நச்சு நூலைச் சொல் பார்ப்போம் என்று தேர்வு வைக்கத் தொடங்குகிறார். மருத்துவர் பாடலைத் தொடங்குகிறார். வாதப் பாம்பு, பித்தப் பாம்பு என்பதுவரை வந்து, சிலேத்துமத்தில் நாக்கு சிக்கி நின்றுவிடுகிறது. உடனே ஏட்டைக் கேட்கிறார். ஏட்டைப் பார்த்துப் படித்துத் தேறியது இது: பாம்புகள் மூன்று வகை; நான்காவது கிடையாது. அதிலும் பிழை. வடமொழியில் சர்ப்பம் ஆண்பாற்சொல். மூன்று என்ற எண்ணும் ஆண்பாலில் வரவேண்டும். மருத்துவர் அதை அலிப்பாலில் சொல்லிவிட்டார். துறவி பிழையைத் திருத்துகிறார். அதைக் கேட்ட மருத்துவர் மருண்டுபோய், இவளை ஓர் இலக்கணப் பாம்பு கடித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். உலக அங்கத இலக்கியத்தில் இதைவிட அழகான தவறான நோயறிதலை நான் படித்ததில்லை.

இந்த மருத்துவரை முழு மூடர் என்று சொல்லிவிட முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். சுசுருத சம்ஹிதையின் கற்ப தானத்தில் பாம்புகளை முக்குற்றங்களோடு இணைக்கும் பகுப்பு இருக்கிறது. படமெடுப்பவை வாதத்தையும், வட்டப் புள்ளிகளுடையவை பித்தத்தையும், கோடுகளுடையவை கபத்தையும் கிளறும் என்பது அந்நூலின் கருத்து. குருதி வடித்தலும் பாம்புக்கடிக்கு அது கூறும் முறைகளுள் ஒன்று. கோடரி வடிவக் கருவியும் அந்நூலின் கருவிப் பட்டியலில் உள்ளதுதான். ஆக, அவர் படித்தவர். படித்ததில் பாதியை மறந்தவர். நச்சின் வேகங்கள் எத்தனை என்று துறவி கேட்கும்போது, நூறு என்கிறார். நூல் சொல்வது ஏழு. துறவி அந்த ஏழையும் வரிசையாக ஒப்பிக்கிறார். ஏழைக் கடந்தவரை அசுவினி தேவர்களாலும் மீட்க முடியாது என்றும் சொல்கிறார்.

அப்போது மருத்துவர் செய்வதுதான் எனக்கு இந்நாடகத்தின் மையமாகத் தோன்றுகிறது. அவர் வாதாடவில்லை. நோயாளியின்மீது பழி போடவில்லை. இது எமக்கு எட்டிய துறையன்று என்று ஒப்புக்கொண்டு, கணிகையின் உடலிலிருந்து பேசும் அந்த அறிவை வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நாடகத்தில் தவறு செய்பவர்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். யமதூதன் பெயரொற்றுமையால் ஓர் உயிரைக் கொன்றான். துறவி தன் வல்லமையைக் காட்டப் போய்ப் பிறருடைய உடலைப் பறித்துக்கொண்டார். இருவரும் தம் துறையில் வல்லவர்கள். மருத்துவருக்கு வல்லமை இல்லை. அவரால் யாருக்கும் கேடும் இல்லை. கோடரிக் கருவியைக்கூட அவர் தேடினாரே தவிர யார்மீதும் வைக்கவில்லை. நாம் அவரை நேசிப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அறியாமை அதிகாரத்தோடு சேரும்போது அச்சம் தருகிறது. அதிகாரமற்ற அறியாமையில் நாம் நம்மையே கண்டுகொள்கிறோம்.

இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு நோயின் கதையும் நம்மிடம் உண்டு. திருநாவுக்கரசரைச் சூலை நோய் வருத்தியபோது சமண முனிவர்கள் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் கொண்டு முயன்று தோற்றதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. அக்கதையின் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். அண்ணாமலையைப் பாடிய நாவுக்கரசரும் மாமண்டூர்க் குடைவரையும் ஒரே காலத்தவர்கள். பெரியபுராணத்தில் குணப்படுத்த முடியாதவரின் தோல்வி ஒரு சமயத்தின் வெற்றிக்குச் சான்றாகிறது. பகவதஜ்ஜுகத்தில் மருத்துவர் தோற்பதால் யாரும் வெல்வதில்லை. அங்கதம் புராணத்திலிருந்து விலகும் இடம் அது.

இந்த மருத்துவரின் நெடுந்தூரத்து உறவினர் ஒருவரை நம் காலத்திலும் காணலாம். மாட் குரோனிங் உருவாக்கி, 1999 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஃப்யூச்சுராமா’ என்ற அறிபுனை அசைபடத் தொடரில் வரும் டாக்டர் ஸோய்ட்பர்க்தான் அவர். நண்டையும் இறாலையும் கலந்த உருவம், வேற்றுக்கோள்வாசி. முப்பத்தோராம் நூற்றாண்டு நியூயார்க்கில் ஒரு சரக்கு விநியோக நிறுவனத்தின் மருத்துவர். மனித உடலில் நிபுணர் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் மனிதனுக்கு வாய் ஒன்றுதான் என்பதுகூட அவருக்கு உறுதியில்லை. எதிரே நிற்பவன் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. வறியவர்; தனியர்; யாராவது நண்பன் என்று ஒரு சொல் சொன்னால் உருகிவிடுவார்.

ஒற்றுமை பாத்திர அளவோடு நிற்கவில்லை. அத்தொடரில் 2010இல் வந்த ஒரு பகுதி முழுக்கவே கூடுவிட்டுக் கூடு பாய்தல்தான். ஸோய்ட்பர்க்கும் அதில் உடல் மாறுகிறார். ஒருமுறை மாறிய இருவர் மீண்டும் நேரடியாக மாறிக்கொள்ள முடியாது என்பது அங்கே விதி. எத்தனை பேர் மாறியிருந்தாலும், புதிதாக இருவரைச் சேர்த்துக்கொண்டால் எல்லோரையும் தத்தம் உடலுக்கே திருப்பிவிடலாம் என்று, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற கதாசிரியர் கென் கீலர் அதற்காகவே ஒரு தேற்றத்தை நிறுவினார். பகவதஜ்ஜுகத்துக்குத் தேற்றம் தேவைப்படவில்லை. யமதூதன் ஒருவனே போதும். 2011இல் வந்த மற்றொரு பகுதியில், ஸோய்ட்பர்க் வேற்றுக்கோள் உயிரிகளின் மருத்துவத்தில் உண்மையிலேயே வல்லவர் என்று தெரியவருகிறது. மனித உடல்தான் அவருக்கு அந்நியம். நம் மருத்துவரின் நிலையும் அதுவே. அவர் படித்தது பாம்பு கடித்த உடலைப் பற்றி. அவர்முன் கிடத்தப்பட்டதோ துறவி குடிபுகுந்த கணிகையின் உடல். அதற்கான ஏடு எந்த மருத்துவரிடமும் இல்லை.

இனி நாடகத்தை எழுதியவர் யார் என்ற கேள்வி. மத்தவிலாசத்தின் முன்னுரையில் மகேந்திரனின் பெயர் வருகிறது. பகவதஜ்ஜுகத்தின் முன்னுரையில் ஆசிரியர் பெயரே இல்லை. அதன் பழைய உரை போதாயன கவியைச் சொல்கிறது. மாமண்டூர்க் கல்வெட்டு இரு நாடகங்களையும் சேர்த்துச் சொல்வதைக் கொண்டு இதுவும் மகேந்திரனுடையதே என்று அறிஞர் சிலர் வாதிட்டனர். ஆனால் கல் சிதைந்திருக்கிறது. சிதைந்த இடத்தை ஊர்ப்பெருமையால் நிரப்பிக்கொள்ள நமக்கெல்லாம் ஆசை உண்டு. அந்த ஆசை எழும்போது மருத்துவரை நினைத்துக்கொள்வது நல்லது. ஏழாம் நூற்றாண்டில் இந்நாடகம் இப்பகுதியில் அறியப்பட்டிருந்தது, ஒரு மன்னனின் கல்வெட்டில் இடம்பெறும் அளவு மதிக்கப்பட்டது என்பதுவரை கல் சொல்கிறது. அதற்கு மேல் கல்லின் துறையன்று.

நாடகத்தின் சுவடிகளைக் காத்தது கேரளம். கூடியாட்ட மரபு அதை மேடையிலும் வாழவைத்தது. 1920களில் அது அச்சேறியது. நம் பக்கம் எஞ்சியது கல்லில் ஒரு பெயர் மட்டுமே. ஆயினும் சிரிப்பு முற்றிலும் போய்விடவில்லை. மாமண்டூர் உள்ள இதே மாவட்டத்தில்தான் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசையும் இருக்கிறது. அங்கே மன்னர்கள் வீரம் பேசும்போது பக்கத்தில் நின்று, புரியாதவன்போலக் கேள்வி கேட்டு, கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் இன்றும் விடிய விடிய ஆடுகிறான். அவனுக்கும் அந்த மருத்துவருக்கும் நேர் வம்சத்தொடர்பு காட்ட முடியாது. ஆனால் இருவரும் நிற்கும் இடம் ஒன்றே.

இன்று நம் மருத்துவமனைகளில் தரப்படும் பாம்புக்கடி முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிரானது. அவர் இல்லையென்ற நான்காவது பாம்பு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கேட்டிருந்தால் அவர் வருந்தியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. ஏட்டை வாங்கி நான்காவதையும் எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.