பிலாட்டீஸ் பயிற்சியும் மூச்சு நோய்களும்

பிலாட்டீஸ் என்பது தரைவிரிப்பின் மீதோ, சுருள்வில் பூட்டிய கருவிகளின் மீதோ செய்யப்படும் உடற்பயிற்சி முறை. வயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் ஆழ்தசைகளை வலுவாக்குவதும் ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு சேர்த்துச் செய்வதும் இதன் அடிப்படை. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.), சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆகியவற்றில் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் துணையாக இதைப் பயன்படுத்தலாம். நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் இதற்கு இல்லை.

தோற்றம்

இம்முறையை உருவாக்கிய ஜோசஃப் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் மூன்றும் அவரை வாட்டின. இழுப்போடு வளர்ந்த பிள்ளை ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகப் பழகி உடலைத் தேற்றிக்கொண்டார். முறை முழுவதும் மூச்சையே சுற்றி வருவதற்கு இந்த இளமைக்கால நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். எதிரிநாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து முதலில் லங்காஸ்டரிலும், பிறகு மான் தீவின் நாக்கலோ முகாமிலும் அடைத்துவைத்தது. அங்கே எழுந்து நடக்க முடியாதவர்களின் கட்டிலில் அவர் சுருள்வில்களை மாட்டி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பழக வைத்தார் என்றும், பின்னாளில் வந்த ‘ரிஃபார்மர்’ கருவிக்கு அதுவே வித்து என்றும் இம்முறையின் ஆசிரியர்கள் சொல்லிவருகின்றனர். 1920களின் நடுவில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, துணைவி கிளாராவுடன் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளின் வட்டத்தார் காயம் பட்டால் அவரிடம் வந்தார்கள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. 1945இல் வெளியான நூலில் 34 பயிற்சிகளைப் படங்களுடன் விளக்கினார். நுரையீரலில் தேங்கிய காற்றை முழுக்க வெளியேற்றினால்தான் புதுக்காற்று தாராளமாக உள்ளே வரும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1967 அக்டோபர் 9 அன்று இறந்தார். எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயே காரணம் என்று குறிக்கப்படுகிறது. அவருக்குச் சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. நோயாளிகளுக்கு இம்முறையைக் கற்பிப்பவர்கள் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூச்சு முறை

முறையின் மூச்சு நுட்பம் ‘ஹண்ட்ரட்’ என்ற முதற்பயிற்சியிலேயே தெரிந்துவிடும். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் சற்றே உயர்த்தி, நீட்டிய கால்களைத் தரையிலிருந்து தூக்கி, கைகளை உடலோரமாக மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு உள்மூச்சு, ஐந்து அடிக்கு வெளிமூச்சு. பத்துச் சுற்றில் நூறு. இன்றைய ஆசிரியர்கள் வயிற்றை உள்வாங்கியபடியே விலாவைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்கிறார்கள். விலாவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டால், உள்மூச்சில் அது இறுகுவதை உடனே உணரலாம்.

நோயில் பயன்

சி.ஓ.பி.டி.யில் காற்று வெளியேற முடியாமல் நுரையீரல் உப்பிக்கொள்கிறது. கவிகை போல் வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்க, கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் அதன் வேலையை ஏற்கின்றன. நோயாளி தோளைத் தூக்கி, முன்னே குனிந்து, முழங்கையை எதிலாவது ஊன்றியபடியே உட்காருவது இதனால்தான். மேல்முதுகை நிமிர்த்தி நெஞ்சை விரிக்கும் பிலாட்டீஸ் அசைவுகள் கழுத்து, தோள் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்த உதவும். வயிற்றுத் தசை வலுத்தால் இருமலுக்கும் வலு கூடும். சளியை வெளியே கொண்டுவர அது தேவை. ஓயாமல் இருமும் பெண்கள் பலருக்கு இருமும்போது சிறுநீர் கசிகிறது. மருத்துவரிடம்கூடச் சொல்லக் கூசுகிறார்கள். அந்தக் கசிவைத் தடுக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும் வேலை கொடுப்பது இம்முறையின் பெரும் சிறப்பு.

ஆயினும் பிலாட்டீஸ் வகுத்த மூச்சை அப்படியே இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது. சி.ஓ.பி.டி.யின் ஒரு வகையான எம்ஃபிசீமாவில் சிறு மூச்சுக்குழல்கள் தாங்குவலு இழந்திருக்கும். பலங்கொண்ட மட்டும் காற்றைப் பிழிந்து தள்ளினால் அவை மடிந்து ஒட்டிக்கொண்டு, காற்று மேலும் உள்ளேயே சிக்கும். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு மெல்ல, உள்மூச்சைவிட நெடுநேரம் ஊதுவதே சரி. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுபவர்கள் நாற்காலியிலோ, தலையணைகளில் சாய்ந்தபடியோ செய்யலாம். ஸ்டீராய்டு மாத்திரை பல ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்கு எலும்பு நொய்ந்திருக்கக்கூடும். முதுகெலும்பை முன்னே சுருட்டும் ‘ரோல் அப்’ போன்றவை முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும் என்பதால் அவற்றை விட்டுவிட வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும், தூசி படிந்த விரிப்பைத் தவிர்ப்பதும் அவசியம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் பிரேசிலில் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட சிறிய ஆய்வொன்று, சில மாதப் பயிற்சிக்குப் பின் மூச்சுத் தசைகளின் வலிமை கூடியதைக் காட்டியது. மாறுவது தசையே, பழுதுபட்ட நுரையீரல் திசு மீள்வதில்லை. நடை, சைக்கிள் ஆகியவற்றை மையமாகக் கொண்ட நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. தொடர்ந்து நடக்கும் தெம்பை அதுவே தரும் என்பதால் பிலாட்டீஸ் அதன் பக்கத்தில் நிற்க வேண்டியது. அதன் இடத்தில் அல்ல.

இன்றைய நிலை

2000இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ‘பிலாட்டீஸ்’ பொதுப்பெயரே என்று தீர்ப்பளித்தபின் யார் வேண்டுமானாலும் அப்பெயரில் வகுப்பு நடத்தலாம் என்றாயிற்று. சென்னையிலும் நிலையங்கள் உள்ளன, பயிற்றுநர்களின் தகுதி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.