இரண்டு நாளில் வீடு திரும்பியவர்கள்: விடோவ்ர வைத்தியசாலை தந்த பாடம்

வானொலியில் நான் பேசிய விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

இஷொயில் வாழும் எங்களுக்கு விடோவ்ர வைத்தியசாலை புதிய இடமல்ல. பிள்ளைப்பேற்றுக்கும் அவசர சிகிச்சைக்கும் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். 1976 இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலையில் 1990களில் நடந்த ஆய்வுகள், உலகம் முழுவதும் சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பை மாற்றிவிட்டன. இந்தச் செய்தி எங்களில் அதிகம் பேரை எட்டவில்லை.

அதற்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது? சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் நள்ளிரவிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் கிடையாது. குடலில் சத்திரசிகிச்சை என்றால் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விடுவார்கள். வாயு பிரியும்வரை சாப்பாடு இல்லை. நோயாளி நாட்கணக்காகக் கட்டிலில் கிடப்பார். பட்டினிக்கு ஒரு காரணம் இருந்தது. மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போனால் எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கேட்டிஸ் மெண்டெல்சன் 1946 இல் எழுதினார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தண்ணீர் போன்ற தெளிந்த பானங்கள் இரைப்பையை விட்டு விரைவாக இறங்கிவிடும் என்பது பின்னர் தெளிவானது. அதனால் இன்று பெரும்பாலானோருக்கு 2 மணித்தியாலம் முன்வரை தெளிந்த பானம் அனுமதிக்கப்படுகிறது.

விடோவ்ரவில் பணியாற்றிய சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஹென்றிக் கேலெற் அடிப்படையான ஒரு கேள்வியைக் கேட்டார்: சத்திரசிகிச்சை நன்றாக முடிந்த ஒருவர் இன்றும் ஏன் வைத்தியசாலையில் படுத்திருக்கிறார்? வலி, குமட்டல், குடல் இயங்காமை, களைப்பு, படுத்தே கிடப்பதால் வரும் தசை நலிவு என்று விடைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி தேடி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்தார். முதுகுப் பக்கமாக விறைப்பு மருந்து கொடுத்து வலியை அடக்கினார்கள். மோர்பின் வகை மருந்துகளை முடிந்தளவு குறைத்தார்கள். விரைவிலேயே குடிக்கவும் சாப்பிடவும் கொடுத்து எழுப்பி நடக்க வைத்தார்கள்.

மோர்பினை ஏன் குறைக்க வேண்டும்? இங்கேதான் மருந்து உடலில் சேரும் கதை வருகிறது. நாங்கள் ஊரில் பனடோல் என்றும் இங்கே பனோடில் என்றும் விழுங்கும் பரசிற்றமோல் இரைப்பையில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் இரத்தத்தில் சேரும். 1975 இல் எடின்பறோ ஆய்வாளர்கள், நலமாக இருந்தவர்களுக்கு மோர்பின் குடும்பத்து ஊசி போட்டுவிட்டுப் பரசிற்றமோல் கொடுத்தார்கள். இரைப்பை மெதுவாகி, குளிசை இரத்தத்தில் சேர நெடுநேரம் பிடித்தது. அதாவது, வலிக்குக் கொடுக்கும் ஒரு மருந்து குடலை உறங்க வைத்து மற்ற மருந்தையும் உணவையும் வழிமறிக்கிறது. குடல் விழித்திருந்தால்தான் மருந்தும் சேரும், உடம்பும் தேறும்.

1995 இல் கேலெற் குழுவினரின் முதல் அறிக்கை லான்செற் சஞ்சிகையில் வந்தது. 1999 இல், வயிற்றைத் திறந்து குடலின் ஒரு பகுதியை அகற்றிய 16 நோயாளிகள் பற்றி எழுதினார்கள். பாதிப் பேராவது இரண்டு நாட்களில் வீடு போயிருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருப்பதே வழமையாக இருந்த காலம் அது. பலர் நம்பவில்லை. 2001 இல் ஸ்கொட்லாந்து, சுவீடன், டென்மார்க், நோர்வே, நெதர்லாந்து சத்திரசிகிச்சைக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து இதை ஆராயத் தொடங்கின. டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் 2000 இல் சராசரியாக 10, 11 நாட்கள் தங்கினார்கள். 2009 இல் அது ஏறத்தாழ 4 நாட்களாகியது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சீக்கிரம் போனவர்களில் சிலர் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டி வந்தது. குடல் சத்திரசிகிச்சையில் 2 நாளுக்குப் பதிலாக 3 நாள் என்று திட்டமிட்டபோது அப்படித் திரும்பி வருவோர் குறைந்ததாக 2007 இல் ஒரு டெனிஷ் ஆய்வு காட்டியது. ஆகவே இது ஆளை விரட்டும் போட்டி அல்ல. உடம்பு தயாராவதற்குத் தடையாக இருப்பவற்றை அகற்றும் வேலை.

எங்கள் வீடுகளில் இது சுலபமாக ஏற்கப்படுவதில்லை. என் தாயாருக்கு இடுப்பு மூட்டு மாற்றிய அன்றே தாதி அவரை எழுப்பி நிறுத்தினார். பார்க்க வந்த பெரியம்மா பதறிப்போய், "பிள்ளை, அவவைப் படுக்க விடுங்கோ, தையல் விட்டுப்போகும்" என்றார். ஊரில் நாங்கள் கண்ட பராமரிப்பு அப்படி. அந்த அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படுத்தே இருந்தால் காலில் இரத்தம் உறையும், நுரையீரலில் சளி தேங்கும், தசை கரையும் என்பதை விளக்கியதும் பெரியம்மாவே அடுத்தநாள் கைபிடித்து நடத்தினார்.

புதிய வைத்தியத்தைத் தமிழில் விளக்கினால் எங்கள் சனம் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1847 இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலான இரணவைத்தியம் 1867 இல் தமிழில் வெளிவந்தது.

இன்று அந்த வேலை பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அம்மா அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்றால் வைத்தியசாலைக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். எப்போதுவரை குடிக்கலாம், எப்போது எழும்ப வேண்டும், வலிக்குளிசையை எந்த நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். "வலி தாங்குவன்" என்று குளிசையை ஒதுக்கும் பெரியவர்களுக்கு, வலி இருந்தால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் தேற முடியாது என்று எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் குடிக்கும் கசாயம், சூரணம் எதுவானாலும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். வீடு வந்த பிறகு காய்ச்சல், மூச்சுத்திணறல், கால் வீக்கம், கூடும் வலி கண்டால் விடியும்வரை காத்திராமல் உடனே தொலைபேசி எடுங்கள்.