திறந்த விளையாட்டு உரிமம்

திறந்த விளையாட்டு உரிமம் (ஓ.ஜி.எல்) என்பது, பாத்திரமேற்பு மேசை விளையாட்டுகளின் விதிகளைப் பிறர் பயன்படுத்தவும் மாற்றவும் விற்கவும் அனுமதிக்கும் உரிமம் ஆகும். அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனம் 2000இல், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 3ஆம் பதிப்பையொட்டி இதனை வெளியிட்டது. அடிப்படை விதிகள் தனி ஆவணமாக அளிக்கப்பட்டன. நிறுவனத்தின் வணிகக்குறிகளும் தனித்த கதைமாந்தர் பெயர்களும் இதில் அடங்கா.

பதிப்புகளுக்கு இடையிலான பொருத்தம்

2008இல் வெளிவந்த 4ஆம் பதிப்பின் விதிகள் முந்தைய பதிப்புடன் பொருந்தவில்லை. அதன் உரிமமும் கட்டுப்பாடுகள் மிகுந்தது. ஆகவே பைசோ நிறுவனம், பழைய உரிமத்தின்கீழ் 3.5 பதிப்பின் விதிகளைத் திருத்தி, 2009இல் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிட்டது. பழைய நூல்களைச் சிறு மாற்றங்களுடன் இதில் பயன்படுத்த முடிந்தது. 5ஆம் பதிப்பு (2014) விதிகள் 2016இல் மீண்டும் ஓ.ஜி.எல் உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டன.

2023 சர்ச்சை

2023 சனவரியில் கசிந்த புதிய உரிம வரைவு, பழைய உரிமத்தைச் செல்லாததாக்க முனைந்தது. பழைய உரிமம் நிரந்தரமானது எனக் கூறினும், திரும்பப் பெறவியலாதது எனக் கூறவில்லை. இதுவே விவாதத்திற்கு இடமளித்தது. கடும் எதிர்ப்பை அடுத்து, நிறுவனம் அதே மாதம் 5ஆம் பதிப்பின் விதி ஆவணத்தை, திரும்பப் பெறவியலாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.